டி.வி. இல்லாத வீட்டுக்கும் கட்டணம்

வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமம் எடுத்து ஆண்டுதோறும் பணம் கட்டிவந்த வழக்கம் இந்தியாவில் 1980-களின் நடுவில் முடிந்துபோனது. பெட்டி வைத்திருப்பவர் கட்ட வேண்டும், இல்லாதவர் கட்ட வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் குழப்பம் எதுவும் கிடையாது. ஜெர்மனியிலும் 2012 கடைசிவரை ஏறத்தாழ இதே கணக்குதான். 2013 ஜனவரி 1 அன்று அது மாறியது. இப்போது அங்கே டி.வி. இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. குடியிருக்க ஒரு வீடு இருந்தால் போதும், கட்டணம் தேடி வரும். மாதம் 18.36 யூரோ, ஆண்டுக்கு 220.32 யூரோ. டி.வி. பக்கமே போகாதவர், ஜெர்மன் மொழி தெரியாதவர், செல்பேசியில் தமிழ்ப் படம் மட்டும் பார்ப்பவர் என்றெல்லாம் விலக்கு கிடையாது. புதிய ஊருக்குக் குடிபோய் நகராட்சியில் முகவரியைப் பதிந்துகொண்டால், கொலோன் நகரிலிருந்து ஒரு கடிதம் வந்து சேரும். அனுப்புவது ‘பைட்ராக்ஸ்சர்வீஸ்’ என்ற அலுவலகம். ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப்., டாய்ச்லாண்ட்ராடியோ ஆகிய பொது ஒளிபரப்பு நிறுவனங்களுக்காகப் பணம் வசூலிப்பது அதன் வேலை. இலங்கையிலிருந்து அகதியாகப் போனவர்கள் தொடங்கி, தமிழ்நாட்டிலிருந்து படிப்புக்கும் கணினி வேலைக்கும் போகிறவர்கள் வரை அங்குள்ள தமிழர்களுக்கு இந்தக் கடிதம் பழக்கமானது. வந்ததும் எழும் கேள்வியும் ஒன்றுதான்: என்னிடம் டி.வி.யே இல்லை, நான் எதற்குக் கட்ட வேண்டும்?

இந்தக் கேள்வியோடு ஜெர்மன் நிர்வாக நீதிமன்றங்களின் படியேறியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கட்டணமே செல்லாது என்று தீர்ப்பு வாங்கி, அது மேல்முறையீட்டிலும் நின்றதாக வரலாறு இல்லை. ஆனால் இதே கட்டணத்தை எதிர்த்துப் போய் வென்றவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரியும். கட்டணம் என்ற ஏற்பாடே தவறு என்றவர்கள் தோற்றார்கள். ஏற்பாடு இருக்கட்டும், என் நிலைமைக்கு இது பொருந்தவில்லை என்று காட்டியவர்கள் வென்றார்கள். நீதிமன்றங்கள் போட்ட இந்தக் கோடு பெரும்பாலும் நியாயமானது என்பதே என் எண்ணம். ஒரே ஓர் இடத்தில்தான் அது சறுக்குகிறது. கட்டியே ஆக வேண்டிய பணத்தை எந்த வழியில் கட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையில், குடிமகனுக்கு வரவேண்டியது வந்து சேரவில்லை.

கட்டணம் ஏன் வரியாக இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாஜி ஆட்சியில் வானொலி முழுக்க முழுக்க கோயபல்ஸின் கையில் இருந்தது. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியை ஆண்ட நேச நாடுகள், ஒலிபரப்பு இனி அரசின் கைக்குப் போகக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தன. அதிகாரம் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதிபர் அடெனாவர் மத்திய அரசின் பிடியில் ஒரு டி.வி. நிறுவனம் தொடங்கப் பார்த்தபோது, 1961-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. பட்ஜெட்டிலிருந்து பணம் கொடுத்தால், செய்தி பிடிக்காத அமைச்சர் அடுத்த ஆண்டு குழாயை மூடிவிடலாம். அதனால்தான் பணம் நேரே வீடுகளிலிருந்து வருகிறது. எவ்வளவு தேவை என்பதைக் ‘கே.இ.எஃப்.’ என்ற தனிக் குழு கணக்கிட்டுச் சொல்கிறது, 16 மாநிலங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாதுகாப்பு வெறும் காகிதத்தில் இல்லை. 2020 டிசம்பரில் சாக்சனி-அன்ஹால்ட் என்ற ஒற்றை மாநிலம் உயர்வை முடக்கியபோது, 2021 ஜூலையில் நீதிமன்றமே தலையிட்டு 17.50 யூரோவாக இருந்ததை 18.36 ஆக்கியது. மாநிலச் சட்டமன்றத்தின் மௌனத்தை மீறி நீதிபதிகள் விலையை உயர்த்துவதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அந்தச் சுளிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை.

பெட்டிக்குக் கட்டணம் என்ற பழைய முறை தானாகச் சரியவில்லை, காலம் அதைச் சரித்தது. அப்போது வானொலிக்கு மட்டும் 5.76 யூரோ, டி.வி.யும் சேர்ந்தால் 17.98 யூரோ. 2007 முதல் இணையம் வரும் கணினியும் செல்பேசியும்கூட ‘வானொலிப் பெட்டி’ என்ற கணக்கில் வந்தன. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆட்கள் கதவைத் தட்டினார்கள். ஜன்னல் வழியாக நீல ஒளி தெரிகிறதா என்று பார்க்கும் வேலை எந்த ஜனநாயகத்துக்கும் அழகல்ல. 2010-இல் முன்னாள் அரசியல் சாசன நீதிபதி பால் கிர்ச்ஹோஃப் ஓர் அறிக்கை கொடுத்தார். பெட்டியை விட்டுவிடுங்கள், வீட்டுக்கு ஒரு கட்டணம் என்று வையுங்கள் என்பது அதன் சாரம். வேவு பார்ப்பது ஒழிந்தது. ஆனால் அதற்கு விலையாக, இல்லை என்று சொல்லித் தப்பிக்கும் வாய்ப்பும் ஒழிந்தது. பதிவேட்டு விவரங்களை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடும் வந்தது. கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தால் அலுவலகமே உங்கள் பெயரில் கணக்கைத் திறந்துவிடும்.

2018 ஜூலை 18 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் இந்த முறையைச் சோதித்துத் தீர்ப்பளித்தது. வாதிட்டவர்களில் தனிநபர்களோடு சிக்ஸ்ட் என்ற கார் வாடகை நிறுவனமும் இருந்தது. மாநிலங்களுக்கு இப்படி ஒரு வரி போடும் அதிகாரமே கிடையாது, இது வேடம் போட்ட வரி என்பது எதிர்ப்பாளர்களின் மிக வலுவான வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. வரி எதற்கென்று சொல்லாமல் வாங்குவது. இதிலோ குறிப்பிட்ட பயன் ஒன்று எதிரே நிற்கிறது, அந்தப் பயனைப் பெறும் வாய்ப்புதான் கட்டணத்துக்கு அடிப்படை, பார்க்கிறாரா இல்லையா என்பது அவர் விருப்பம் என்றது. தனியே வாழும் மூதாட்டியும் 4 பேர் சம்பாதிக்கும் வீடும் ஒரே தொகை கட்டுவது சரியா என்ற கேள்விக்கு வந்த பதில் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது: தொகை பெரிதல்ல, ஒரு வீட்டில் வாழ்பவர்களை ஒரு குழுவாகக் கொள்ளச் சட்டத்துக்கு இடம் உண்டு. ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தால் மறுபடியும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டிவரும் என்பது மட்டுமே அந்தப் பதிலை என்னை ஏற்க வைக்கிறது. ஆனால் அதே தீர்ப்பில் ஓர் எதிர்ப்பு வென்றது. வேலைக்காக வேறு ஊரில் இரண்டாவது வீடு வைத்திருப்பவர் இரண்டு கட்டணம் கட்ட வேண்டியதில்லை, ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து டி.வி. பார்க்க முடியாது என்றார்கள் நீதிபதிகள்.

அடுத்த ஆண்டு வந்த வெற்றி இன்னும் முக்கியமானது, இதைப் பற்றி மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. சமூக உதவித்தொகை பெறுபவர்களுக்கும், பெற்றோருடன் வாழாமல் ‘பாஃபேக்’ கல்வி உதவி பெறும் மாணவர்களுக்கும், அகதி உதவி பெறுபவர்களுக்கும் முழு விலக்கு உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் உத்தரவு நகல் காட்ட வேண்டும். இரண்டாவது பட்டப்படிப்பு படித்த ஒரு மாணவிக்குப் பாஃபேக் கிடைக்காது. படிப்பவர் என்பதால் சமூக உதவியும் கிடைக்காது. வாடகை போகக் கையில் மிஞ்சியதோ உதவி பெறுபவர் கையில் இருக்கும் அளவுதான். காட்டக் காகிதம் இல்லை, எனவே விலக்கு இல்லை என்றது ஒளிபரப்பு நிறுவனம். 2019 அக்டோபரில் லைப்சிக் நகரில் உள்ள மத்திய நிர்வாக நீதிமன்றம், காகிதத்தைவிட வருமானம்தான் முக்கியம், இது கடுந்துன்ப நிலை, விலக்குக் கொடுங்கள் என்றது. வருமானம் உதவித்தொகை வரம்பை மாதக் கட்டணத்தைவிடக் குறைவான தொகையால் தாண்டியவருக்கும் விலக்குக் கேட்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளி அட்டையில் ‘ஆர்.எஃப்.’ என்ற குறி உள்ளவர் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6.12 யூரோ கட்டினால் போதும்.

எதிர்ப்பைப் பதிவு செய்யும் வழியும் விசித்திரமானது. வெறும் பில்லை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. தவணை தவறிய பின் வரும் முறையான உத்தரவைத்தான் எதிர்க்கலாம். அதாவது வாதாட விரும்புகிறவர் முதலில் பாக்கிதாரர் ஆக வேண்டும். பாக்கியில் 1 சதவீதம், குறைந்தது 8 யூரோ, தாமதக் கட்டணமாகச் சேரும். உத்தரவு கையில் கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் போக வேண்டும். அதை நிராகரித்தால் இன்னொரு மாதத்துக்குள் நிர்வாக நீதிமன்றம். ஆட்சேபம் போட்டதால் வசூல் நின்றுவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆட்சேபம் போட்டால் நடவடிக்கை நிற்கும் என்ற விதி பொதுக் கட்டணங்களுக்குப் பொருந்தாது. கட்டாமல் இருப்பது பிரிட்டனைப் போல் கிரிமினல் வழக்காக நீதிமன்றம் ஏறுவதில்லை. ஆனால் வசூல் அதிகாரி சொத்து விவரம் கேட்கும்போது கொடுக்க மறுத்தால், கொடுக்க வைப்பதற்காக 6 மாதம்வரை காவலில் வைக்கலாம். 2021-இல் வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் ஒருவர் ஏறக்குறைய அவ்வளவு காலமும் உள்ளே இருந்தார். அவரை வீரர் என்று கொண்டாடியவர்கள் உண்டு. சில நூறு யூரோ பாக்கிக்கு அரை ஆண்டுக் காவல் என்பது வீரமும் அல்ல, நல்ல நிர்வாகமும் அல்ல.

நிகழ்ச்சிகள் ஒருதலைப்பட்சமாக இருக்கின்றன, அதனால் கட்ட மாட்டேன் என்ற வாதத்துக்கு 2025 அக்டோபர் 15 அன்று புதிய பதில் கிடைத்தது. பவேரியப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் லைப்சிக் நீதிமன்றம், அப்படிச் சொல்வதை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது என்றது. எல்லா நிலையங்களின் ஒட்டுமொத்த நிகழ்ச்சிகளும் நீண்ட காலமாக, அப்பட்டமாக, பன்முகத் தன்மையை இழந்திருந்தால் கட்டணத்தின் அடிப்படையே ஆட்டம் காணும். ஆனால் அதை நிபுணர் ஆய்வோடு நிரூபிக்க வேண்டும். ஒரு விவாத நிகழ்ச்சியில் எரிச்சல் வந்தது என்பது சான்றாகாது. கட்டணத்தையே ஒழிக்க வேண்டும் என்று வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சி பேசிவருகிற நாட்டில், இந்தத் தீர்ப்பு இரண்டு தரப்புக்கும் பாதிப் பாதி கொடுத்ததுபோல் தோன்றலாம். உண்மையில் கதவைத் திறந்துவிட்டு, வாசற்படியை ஆள் உயரத்துக்கு உயர்த்தி வைத்திருக்கிறார்கள்.

இனி பணம் கட்டும் வழிக்கு வருவோம். கட்டணம் 3 மாதத்துக்கு ஒருமுறை, 55.08 யூரோவாக, அந்தக் காலாண்டின் நடுவில் கட்ட வேண்டியது. விரும்பினால் காலாண்டு, அரையாண்டு, ஓராண்டு என்று முன்கூட்டிக் கட்டலாம். மாதத் தவணை என்பது வழக்கமான ஏற்பாட்டில் இல்லை. கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள அனுமதி கொடுக்கலாம், அல்லது நாமே வங்கி வழியாக அனுப்பலாம். இரண்டுமே வங்கிக் கணக்கை நம்பியவை. ரொக்கம் கூடாது என்று ஒளிபரப்பு நிறுவனங்களின் விதியே சொன்னது. பொருளாதாரப் பத்திரிகையாளர் நோர்பர்ட் ஹேரிங் 2015-இல் இதைப் பிடித்துக்கொண்டார். தானாக எடுக்கும் அனுமதியைத் திரும்பப் பெற்று, யூரோ நோட்டு சட்டப்படி செல்லும் பணம்தானே, ரொக்கமாகத் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஹெஸன் மாநில ஒளிபரப்பு நிறுவனம் மறுத்தது. ஜெர்மன் மத்திய வங்கிச் சட்டத்தில் யூரோ நோட்டு வரம்பின்றிச் செல்லும் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் அரசு சார்ந்த ஓர் அமைப்பு அதை வேண்டாம் என்று தள்ள முடியுமா? மாதம் பதினேழு யூரோ விவகாரம் லக்சம்பர்க் வரை போனது.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 ஜனவரி 26 அன்று சொன்ன பதில் நுணுக்கமானது. யூரோ நோட்டு செல்லும் பணம், அதை ஏற்பதே பொது விதி. ஆனால் பொது நலனுக்காக ஓர் அரசு அந்த விதியைக் கட்டுப்படுத்தலாம். ஏராளமான பேரிடம் வசூலிக்கும்போது செலவைக் குறைப்பதும் பொது நலனே. கட்டுப்பாடு அளவோடு இருக்கிறதா, வேறு வழியில் கட்ட முடியாதவர்கள் என்ன ஆவார்கள் என்பதை ஜெர்மன் நீதிமன்றம் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 2022 ஏப்ரல் 27 அன்று லைப்சிக் நீதிமன்றம் முடிவு சொன்னது. யாருக்கும் விதிவிலக்கு இல்லாமல் ரொக்கத்தை ஒதுக்கியது தவறு, எவ்வளவு முயன்றும் வங்கிக் கணக்கு கிடைக்காதவரிடம் ரொக்கம் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ஹேரிங்குக்குக் கணக்கு இருக்கிறது, எனவே அவர் வழக்கு தோற்றது. மேலே சொன்ன கோடு இங்கேயும் அப்படியே விழுகிறது. கொள்கைக்காகக் கேட்டவர் தோற்றார், அவர் கேட்டதால் நிலைமைக்காகக் கேட்கப்போகிற யாரோ ஒருவருக்கு வழி பிறந்தது.

இங்கேதான் என்னால் நீதிமன்றத்தோடு உடன்பட முடியவில்லை. டி.வி. பார்ப்பதா வேண்டாமா என்ற தேர்வு 2013-இலேயே போய்விட்டது. அந்த இழப்பை நியாயப்படுத்த, கட்டணம் எல்லாருக்குமான பொதுப் பணிக்கு என்றார்கள். எல்லாரும் கட்டியே தீர வேண்டிய ஒன்றைக் கட்டுவதற்குத் தனியார் வங்கி ஒன்றின் வாடிக்கையாளராக இருந்தாக வேண்டும் என்பது, அந்த நியாயத்துக்குப் பொருந்தாத இன்னொரு கட்டாயம். 2016 முதல் யாருக்கும் அடிப்படைக் கணக்கு மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அந்தக் கணக்குக்கு மாதக் கட்டணமும் இருக்கிறது. வங்கிக் கவுன்ட்டரில் ரொக்கமாகக் கொடுத்து அனுப்பச் சொல்லலாமே என்பார்கள். அதற்கும் வங்கி தனியே காசு வாங்கும். வறுமையில் இருப்பவர் 55 யூரோவை ஒரே மூச்சில் புரட்ட முடியாமல் தவணை தவறுகிறார், உடனே 8 யூரோ கூடுகிறது. விலக்குப் பெறும் அளவுக்கு ஏழை அல்ல, ஆனால் கணக்கில் எப்போதும் பணம் இருக்கும் அளவுக்கு வசதியும் இல்லை என்ற நடுவில் நிற்பவர்கள்தான் இதில் அடிபடுகிறார்கள். ரொக்கம் ஒழிந்துபோன நாடும் அல்ல ஜெர்மனி. மத்திய வங்கியின் 2023 ஆய்வில், அன்றாடக் கொடுக்கல்வாங்கல்களில் பாதிக்குச் சற்று மேல் ரொக்கமாகவே நடந்தன.

நான்கு கோடிக்கு மேற்பட்ட கணக்குகளில் ரொக்கம் வாங்க ஆள் வைத்தால் செலவு என்ன ஆகும், அதையும் கட்டணம் செலுத்துபவர்தானே சுமக்க வேண்டும் என்ற மறுப்பை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எல்லாரும் ரொக்கத்தோடு வரிசையில் நிற்கப் போவதில்லை. பெரும்பாலோர் ஒரு முறை அனுமதி கொடுத்துவிட்டு மறந்துபோகத்தான் விரும்புவார்கள். தவிர, கவுன்ட்டர் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜெர்மனியின் வேலைவாய்ப்பு அலுவலகம், கணக்கு இல்லாதவர்களுக்குப் பார்கோடு அச்சிட்ட தாளைக் கொடுத்து, சூப்பர் மார்க்கெட் கல்லாவில் உதவித்தொகையை ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. அதே கல்லாக்களில் தனியார் நிறுவனங்களின் பில்களை ரொக்கமாகக் கட்டும் ஏற்பாடும் நடைமுறையில் இருக்கிறது. அரசு கொடுக்கும்போது வேலை செய்யும் கல்லா, அரசு சார்ந்த கட்டணத்தை வாங்கும்போது மட்டும் ஏன் வேலை செய்யாது? இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் வரும்வரை, செலவு அதிகம் என்ற வாதத்தைப் பாதிதான் நம்ப முடியும்.

பிரிட்டனைப் பார்த்தால் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே 2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டு ஆனது. நேரலையாக எந்தச் சேனலைப் பார்த்தாலும், 2016 செப்டம்பர் முதல் பி.பி.சி. ஐபிளேயர் பார்த்தாலும் உரிமம் வேண்டும், பார்க்காதவருக்கு வேண்டாம். கட்டும் வழிகளோ ஏராளம். வங்கி வழியாக மாதம், காலாண்டு, ஆண்டு என்று கட்டலாம், காலாண்டுக்கு மட்டும் ஒவ்வொரு தவணையிலும் 1.25 பவுண்டு கூடுதல். ஒரு அட்டை வாங்கிக்கொண்டு, ‘பேபாயின்ட்’ இயந்திரம் உள்ள மூலைக்கடையில் வாரா வாரம் சில பவுண்டு ரொக்கமாகக் கட்டலாம். லண்டனில் அப்படிப்பட்ட கடைகளில் பலவற்றின் கல்லாவில் இருப்பவர் ஈழத்தமிழர். நெருக்கடியில் இருப்பவர்களுக்குத் தனித் தவணைத் திட்டமும் உண்டு. ஆனால் உரிமம் இல்லாமல் பார்த்துப் பிடிபட்டால் அது குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம். தண்டிக்கப்படுபவர்களில் பத்தில் ஏழுக்கு மேல் பெண்கள் என்ற நிலை பல ஆண்டுகளாக நீடித்தது, அதிகாரி வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் அவர்தான் என்பது அதற்கு ஒரு காரணம். கட்டும் வழியில் பிரிட்டனின் தாராளம், கட்டாதவரைக் குற்றவாளி ஆக்காத ஜெர்மனியின் நிதானம், இரண்டும் ஒரே நாட்டில் சேர்ந்திருக்க முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஹேரிங் போன்றவர்கள் பிடிவாதக்காரர்கள், வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு ரொக்கம் கேட்பது வெறும் நாடகம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டுமே. வசதியில்லாதவர் 7 ஆண்டு வழக்கு நடத்தமாட்டார். வசதியுள்ள ஒரு பிடிவாதக்காரர் நடத்தியதால்தான், கணக்கே இல்லாதவரிடம் ரொக்கம் வாங்கியாக வேண்டும் என்று ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு கிடைத்தது.

ஜெர்மனியில் உள்ள உறவினர் யாராவது இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால், இரண்டு விஷயங்களை அவர்களிடம் சொல்லுங்கள். ஒரே வீட்டில் வாழும் எத்தனை பேருக்கும் ஒரே கட்டணம்தான், ஆகவே அறை பகிர்ந்து வாழ்பவர்கள் ஏற்கெனவே கட்டுகிறவரின் எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் தங்கள் பெயரில் கணக்குத் திறப்பதைத் தடுக்கலாம். விலக்குக்குத் தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் சான்றோடு விண்ணப்பித்தால், அது 3 ஆண்டுகள் வரை பின்னோக்கியும் செல்லும். பைட்ராக்ஸ்சர்வீஸின் சொந்த இணையதளத்தில் இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. அதே படிவத்தை நிரப்பித் தருவதாகச் சொல்லிக் காசு கேட்கும் தனியார் தளங்களில் பணம் கட்ட வேண்டாம்.